வு-டாங் கிளான்: ஸ்டியரிங் ஒருவர் கையில்... 9 ராப்பர்களுக்குள் விரிசல் வந்தது எப்படி?

அமெரிக்க ஹிப்-ஹாப் உலகில் 'வு-டாங் கிளான்' என்ற பெயருக்குத் தனி மரியாதை உண்டு. 30 ஆண்டுகளைத் தாண்டிய இந்தக் குழு, 2025 ஜூனில் பிரியாவிடை இசைப்பயணத்தைத் தொடங்கியது. உயிரோடு இருக்கும் ஆரம்பகால உறுப்பினர்கள் எல்லோரும் மேடையேறுவார்கள் என்ற அறிவிப்பே பெரிய செய்தியானது. ஏன்னா, இவர்களுக்குள் நடந்த சண்டை அப்படி!

யார் இவர்கள்?

நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் 1992 வாக்கில் உருவான குழு இது. ரிஸா, ஜிஸா, ஓல் டர்ட்டி பாஸ்டர்ட், மெத்தட் மேன், ரேக்வான், கோஸ்ட்ஃபேஸ் கில்லா, இன்ஸ்பெக்டா டெக், யு-காட், மாஸ்டா கில்லா என 9 பேர். முதல் மூவரும் உறவுக்காரர்கள். ரிஸாவும் ஜிஸாவும் ஏற்கெனவே 1991-ல் தனித்தனியாகப் பாட்டு வெளியிட்டு, எடுபடாமல் ரெக்கார்ட் கம்பெனிகளை விட்டு வெளியே வந்தவர்கள்.

அது என்ன 5 ஆண்டு டீல்?

சூடுபட்ட ரிஸா, நண்பர்களிடம் ஒரு நிபந்தனை வைத்தார். 5 ஆண்டுகளுக்கு நான் சொல்வதுதான் முடிவு. பஸ்ஸை நான் ஓட்டுவேன், எங்கே போகிறோம் என யாரும் கேட்கக் கூடாது. பதிலுக்கு உங்களை நம்பர் 1 இடத்துக்குக் கொண்டுபோவேன் என்பதுதான் அது. மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

பீட் போடுவது ரிஸா. அதில் யார் பாடுவது என்பதற்கு உறுப்பினர்களுக்குள்ளேயே போட்டி. 1993 நவம்பரில் முதல் ஆல்பம் வெளியாகி ஹிட்டானது. குழுவாக ஒரு கம்பெனியில் இருந்தாலும், சோலோவாக வேறு கம்பெனியில் சேரலாம் என்ற ஒப்பந்தம் அன்றைக்குப் புதுசு. மெத்தட் மேன், ரேக்வான், ஜிஸா என வரிசையாகத் தனி ஸ்டார் ஆனார்கள். 1997-ல் 'வு-டாங் ஃபாரெவர்' பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. ரிஸா சொன்னதைச் செய்துவிட்டார்.

அப்புறம் எங்கே உரசல்?

எல்லாம் ஒருவரிடம் இருந்ததன் விலை முன்பே தெரிந்தது. ரிஸாவின் ஸ்டூடியோவில் வெள்ளம் புகுந்து பீட்கள் அழிந்தன. இன்ஸ்பெக்டா டெக்கின் சோலோ ஆல்பம் 1999 வரை தள்ளிப்போனது.

2004-ல் ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் மறைந்தார். அடுத்து 2007-ல் வந்த '8 டயகிராம்ஸ்' ஆல்பத்தில்தான் சண்டை வீதிக்கு வந்தது. ரிஸாவின் புது பாணி எங்களுக்குப் பிடிக்கலை என ரேக்வானும் கோஸ்ட்ஃபேஸும் வெளிப்படையாகப் பேசினார்கள். போதாக்குறைக்கு, கோஸ்ட்ஃபேஸின் சோலோ ஆல்பமும் அதே நாளில் வருவதாக இருந்தது. கடைசியில் குழுவின் ஆல்பம் ஒரு வாரம் தள்ளிப்போனது.

2014-ல் 'எ பெட்டர் டுமாரோ'. இதிலும் ரேக்வான் முதலில் முறுக்கிக்கொண்டு நின்றார். சமரசத்துக்குப் பிறகே பாடினார். ஒரே ஒரு பிரதி மட்டும் தயாரித்து 2015-ல் 20 லட்சம் டாலருக்கு விற்கப்பட்ட ஆல்பம் குழுவுக்குள்ளேயே முணுமுணுப்பைக் கிளப்பியது. 2016-ல் யு-காட், ராயல்டி பாக்கி என்று கூறி 25 லட்சம் டாலர் கேட்டு ரிஸா தரப்பு மீது வழக்குப் போட்டார்.

ஈகோ மட்டும்தான் காரணமா?

இல்லை. ரிஸாவின் அதிகாரத்துக்கு 5 ஆண்டு கெடு இருந்தது. கெடு முடிந்தபின் யார் முடிவெடுப்பது என்பதில் தெளிவு வரவே இல்லை. சோலோவில் ஜெயித்தவர்களுக்கு சொந்த ரசிகர்கள், சொந்த ரசனை வந்துவிட்டது. ரிஸாவோ 'கில் பில்' போன்ற படங்களுக்கு இசையமைத்து வேறு திசையில் நகர்ந்திருந்தார். 1993-ல் கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறியவர்கள், இப்போது 'ரூட் என்ன?' எனக் கேட்டார்கள்.

இன்னொன்று, கணக்கு வழக்கு. பீட், பிராண்டு பெயர் இரண்டும் ரிஸா கையில். நிர்வாகம் அவருடைய சகோதரர் கையில். அதனால் இசை பற்றிய கோபமும் பணம் பற்றிய கோபமும் ஒரே ஆள் மேல் விழுந்தன. 'இந்த பீட் சரியில்லை' என்பது, 'உன்னை நம்பலை' என்பதாகக் கேட்டது.

சினிமாவோ பேண்டோ, நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் எதற்கும் இதில் பாடம் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒருவர் முடிவெடுப்பது வேகத்தைத் தரும். ஜெயித்த பிறகு அந்த ஒப்பந்தத்தை மறுபடி உட்கார்ந்து பேசியாக வேண்டும். வு-டாங் பேசத் தவறியது அதைத்தான்.