நுண்குழலோடு கூடவே வருபவை: குளிர் முறையும் டாக்சால் முறையும்

டியூபுலின் என்ற புரதத்துக்கு ஒரு குணம் உண்டு. 37 டிகிரியில் ஒன்றோடொன்று சேர்ந்து நுண்குழலாகும். பனிக்கட்டிக் குளிரில் கலைந்துபோகும். செல்லுக்குள் நுண்குழலைப் பற்றிக்கொண்டிருக்கும் மற்றப் புரதங்களைப் பிடிக்க, 1970களின் ஆய்வாளர்கள் இந்தக் குணத்தையே தூண்டிலாக்கினார்கள்.

அரைத்த பன்றி மூளையைக் குளிரில் மையவிலக்கியில் சுழற்றி, தெளிந்த நீரை மட்டும் எடுத்துச் சூடாக்குவார்கள். குழல்கள் உருவானதும் மறுபடி சுழற்றினால் அவை அடியில் படியும். படிவைக் குளிரில் கரைத்து, கரையாததை ஒதுக்கிவிட்டு, திரும்பவும் சூடு. எத்தனை சுற்று போனாலும் விடாமல் கூடவே வரும் புரதம் எதுவோ, அதுதான் நுண்குழலின் கூட்டாளி. 1975இல் மார்க் கிர்ஷ்னரின் குழு டௌ புரதத்தைக் கண்டது இந்த வழியில்தான். டௌவைப் பிரித்தெடுத்ததும் டியூபுலின் குழலாகச் சேர மறுத்தது. திரும்பக் கலந்ததும் சேர்ந்தது. இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் இந்த முறைக்கு டியூபுலின் ஏராளமாக வேண்டும். மூளையில் அது மலிவு, மற்றத் திசுக்களில் பஞ்சம். இன்னொரு குறை: குளிரிலும் கலையாத குழல்கள் கசடோடு வெளியே போய்விடும். அப்படி ஒதுக்கப்பட்ட குழல்களைக் கலையாமல் காத்த ‘ஸ்டாப்’ புரதம், அந்தக் கசடையே தேடிப் போனவர்களுக்குத்தான் பிடிபட்டது.

டாக்சால் என்ற மருந்து குழலைக் கலையவிடாது என்று 1979இல் சூசன் ஹார்விட்ஸின் ஆய்வகம் காட்டியது. 1982இல் ரிச்சர்ட் வல்லீ அதைப் புரத வேட்டைக்குக் கொண்டுவந்தார். கொஞ்சம் டியூபுலின் இருந்தாலே போதும். படிந்த குழல்களை உப்புநீரில் கலக்கினால் குழல் அப்படியே நிற்கும், ஒட்டியிருந்தவை கழன்று வரும். ஒரே ஓட்டத்தில் வேலை முடியும். ஆனால் வேண்டாததும் வரும்: டியூபுலினின் வால் எதிர்மின் ஏற்றம் கொண்டது, நேர்மின் ஏற்றமுள்ள எந்தப் புரதமும் அதில் சும்மா போய் ஒட்டிக்கொள்ளும். குழலே இல்லாமல் ஒருமுறை சுழற்றிப் பார்த்தாலும் இந்தச் சந்தேகம் தீராது. தானாகப் படிபவை மட்டுமே அதில் தெரியும்.

வேட்டையின் அளவுக்கு டாக்சால், நம்பகத்துக்குக் குளிர் என்பேன். ஆனால் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி இருந்தால் குழலைப் பிடித்துப் பிடித்து விட்டுவிடும் கைனசின் என்ற மோட்டார் புரதத்துக்கு இரண்டும் போதவில்லை. 1985இல் வேல், ரீஸ், ஷீட்ஸ் மூவரும் டாக்சாலோடு, ஏடிபி போலிருந்தும் எளிதில் உடையாத ஒரு சேர்மத்தைக் கலந்தார்கள். கைனசின் குழலிலேயே பூட்டிக்கொண்டது. ஏடிபி ஊற்றியதும் கழன்றது. மூளைக் குழல்களோடு வந்து ‘மேப் 1சி’ என்று வெறும் அடையாளப் பெயரோடு இருந்த புரதமும் ஒரு மோட்டார்தான், அதாவது டைனீன்தான், என்பது 1987இல் தெளிவானது.