கீழாநெல்லி

கீழாநெல்லி, வரப்போரத்திலும் தரிசிலும் வீட்டுக் கொல்லையிலும் மழைக்குப் பின் தானே முளைக்கும் ஓராண்டுச் செடி. கீழ்க்காய் நெல்லி, கீழ்வாய் நெல்லி என்றும் வழங்கும். மலையாளத்தில் கீழார்நெல்லி, தெலுங்கில் நேல உசிரி, வடமொழியில் பூம்யாமலகி. தாவரவியல் பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். பழைய நூல்கள் இதையே பில்லாந்தஸ் நிரூரி என்று குறித்தன. நிரூரி அமெரிக்கக் கண்டத்துக்குரிய வேறு இனம்.

மெல்லிய கிளையின் இருபுறமும் சிற்றிலைகள் அடுக்காக நிற்பதால் கிளையே ஒரு புளியிலை போலத் தெரியும். இரவில் இலைகள் கூம்பும். கிளையைத் திருப்பினால் அடிப்புறம் சுமார் 2 மில்லிமீட்டர் அளவுள்ள பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். பறிப்பவர்கள் அடிக்கடி ஏமாறுவது செங்கீழாநெல்லியிடம். அதன் தண்டில் செம்மை ஓடும். காய்கள் சொரசொரப்பாக, காம்பின்றி ஒட்டியிருக்கும். கீழாநெல்லியின் காய் வழவழப்பானது, குறுங்காம்புள்ளது. இலையை மட்டும் பார்த்துப் பறிப்பது போதாது.

நாட்டு மருத்துவத்தில் இதன் பெரும்புகழ் மஞ்சள் காமாலைக்கானது. செடியை வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் விழுதாக அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். கூடவே உப்பு, புளி, எண்ணெய் நீக்கிய பத்தியம். சிறுநீர் எரிச்சலுக்கும் உடல் சூட்டுக்கும் உள்ளுக்குத் தருவதுண்டு. இலையை உப்புடன் அரைத்துச் சொறி சிரங்குக்குப் பூசுவார்கள்.

இந்த வழக்கத்தைச் சோதித்த முக்கியமான ஆய்வு சென்னையில் நடந்தது. எஸ்.பி. தியாகராஜன் குழுவினருடன், காமாலையை உண்டாக்கக்கூடிய ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த நோபல் அறிஞர் பாரூக் பிளம்பெர்க்கும் அதில் இணைந்திருந்தார். அவ்வைரஸை நெடுநாள் உடலில் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி தரப்பட்டது. 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி ஆனது. 1988இல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் இந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை.

செடியின் புகழுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். குணம் மருந்தின் கணக்கில் சேரும். ஆனால் பித்தநாளத்தில் கல் அடைத்தும், கல்லீரல் கெட்டும்கூடக் கண் மஞ்சளாகும். அடைப்பை நீக்காமல் அரைத்துக் குடித்துக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. எனவே எந்தக் காமாலைக்கும் முதலில் இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேனும் செய்து காரணத்தை அறிய வேண்டும்.