தோல்விப் பருவத்தின் கணக்கு: கல்முனைக் கரையும் இலங்கை உதைபந்தாட்டமும்

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே பொத்துவில் வரை, தமிழ் ஊர்களோடு மாறி மாறி அமைந்திருக்கும் முஸ்லிம் ஊர்களில் உதைபந்தாட்டத்தைத் தாங்கி நிற்பவை விளையாட்டுக் கழகங்களே. இக்கழகங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய பதவியினரும், போஷகர் என்று அழைக்கப்படும் புரவலரும், அணியைப் போட்டிக்குக் கூட்டிச்சென்று பொறுப்பாக நிற்கும் முகாமையாளரும், பயிற்றுவிப்பாளரும் இருப்பர். இவர்களில் பெரும்பாலோர் ஊதியமின்றி உழைப்பவர்கள். மாரி மழையில் மைதானங்கள் நீர் கோத்துக் கிடப்பதாலும், நோன்பு மாதத்தில் பகல் ஆட்டம் நின்றுவிடுவதாலும், ஆடக் கிடைக்கும் காலம் குறுகியது. அக்குறுகிய காலத்தில் அணி சோபிக்காமற் போனால், அதற்குக் காரணம் யார் என்ற கேள்வி ஊரில் பலமாக எழுகிறது. ஆனால் பருவம் தொடங்குமுன்பு யாருக்கு எந்தப் பொறுப்பு என்று வரையறுக்கப்படாததால், கடைசியில் கண்ணுக்கு எதிரே நிற்பவர் மீதே பழி விழுகிறது. இக்குறை ஒரு கரைக்கு மட்டும் உரியதன்று. இலங்கை உதைபந்தாட்டத்தின் அண்மைக்கால வரலாறு முழுவதிலும் அதைக் காணலாம்.

இதே கரையில் நெல் விளைவிப்போர் வேறொரு முறையை நெடுங்காலமாகக் கைக்கொண்டு வந்திருக்கின்றனர் என்பது இங்கு கருதத்தக்கது. கல்முனைப் பகுதியில் வேளாண்மை என்றால் நெல்தான்; வயல்வெளியின் ஒரு தொகுதி வட்டை எனப்படும்; அவ்வட்டையின் வாய்க்கால் துப்புரவு, நீர்ப் பங்கீடு, கட்டாக்காலி மாடுகளின் கட்டுப்பாடு ஆகியவற்றைக் கவனிப்பவர் வட்டை விதானை. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய விதானை முறைக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்த பின்னரும், வட்டை விதானை என்ற பெயரும் பணியும் இப்பகுதியில் மறையவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலை அணைக்கட்டின் நீரைக் கரையோர வயல்களுக்கும் கொண்டுவந்ததனால், எந்த நாளில் யாருக்கு நீர் என்பதைத் தீர்மானிப்பது முன்னிலும் சிக்கலாயிற்று. ஆகவே ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு ஆரம்பக் கூட்டம் நடைபெறுகிறது. அதில் அரச அதிகாரிகளும் விவசாயிகளும் கூடி, நீர் திறக்கும் நாள், விதைப்பின் இறுதி நாள், மாடுகளை அப்புறப்படுத்தும் நாள் ஆகியவற்றை முடிவு செய்கின்றனர். விளைச்சல் குறைந்துவிட்டால், நீர் பிந்தித் திறக்கப்பட்டதா, விதைப்பு நாள் தவறியதா, மாடு வயலில் இறங்கியதா என்று கேட்க முடிகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நாளும் பொறுப்பாளரும் உண்டு. அங்கும் சண்டை இல்லாமலில்லை. எனினும் சண்டை எதைப் பற்றியது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

உதைபந்தாட்டத்தில் இத்தகைய ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே பலவீனமாக இருந்திருக்கிறது. அவ்விளையாட்டின் தாயகமான இங்கிலாந்திலேயே, வால்டர் விண்டர்பொட்டம் 1946 முதல் 1962 வரை தேசிய அணிக்குப் பொறுப்பாக இருந்தபோதும், வீரர்களைத் தெரிவு செய்யும் அதிகாரம் அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கத்தின் தெரிவுக் குழுவிடமே இருந்தது; தோல்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அணியைத் தீர்மானித்தவர்களோ பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்தனர். 1963இல் பதவியேற்ற அல்ஃப் ராம்சே தெரிவு அதிகாரத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்ட பின்னரே அதிகாரமும் பழியும் ஒருவரிடம் சேர்ந்தன. 1966இன் உலகக் கிண்ண வெற்றியின் புகழும் அவ்வாறே அவரைச் சேர்ந்தது. இதற்கு மாறான கொடிய எடுத்துக்காட்டு பிரேசிலில் கிடைக்கிறது. 1950 ஜூலை 16இல் மரக்கானா மைதானத்தில், சமநிலை கிட்டியிருந்தாலே கிண்ணத்தை வென்றிருக்கக்கூடிய அணி உருகுவேயிடம் 1–2 எனத் தோற்றபோது, கோல் காப்பாளரான கறுப்பின வீரர் பார்போசாவின் மீது பழி குவிந்தது. 2000ஆம் ஆண்டில் இறக்கும் வரை அது அவரை விட்டு நீங்கவில்லை. கோல் காப்பாளரின் தவறு வலைக்குள் பந்தாகக் கிடப்பதால் யாவருக்கும் தெரிகிறது. ஆட்டத்துக்கு முன்பே வெற்றியைக் கொண்டாடியவர்களின் தவறு அவ்வாறு தெரிவதில்லை.

இலங்கையில், பின்னர் சம்மேளனம் எனப்பட்ட உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் அமைக்கப்பட்டது. அதன் பெரும் பெருமை 1995இல் கொழும்பில் வந்தது. தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில், மேலதிக நேரத்தில் முதலில் கோல் அடிக்கும் அணி உடனே வெல்லும் என்ற தங்கக் கோல் விதிப்படி, இந்தியாவை 1–0 என இலங்கை வென்றது. அந்தப் பெருமைக்கு உரிமை கோரியவர்கள் பலர். பிற்காலத் தோல்விகளுக்கு உரிமை கோரியவர்களைக் காண்பதரிது. 2019 ஜூனில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மக்காவுவிடம் முதல் ஆட்டத்தில் 0–1 எனத் தோற்ற இலங்கை, உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதலுக்குப் பின்னர் மக்காவு அணி கொழும்புக்கு வர மறுத்ததால், இரண்டாம் ஆட்டம் 3–0 என அறிவிக்கப்பட்டு அடுத்த சுற்றுக்குச் சென்றது. களத்தில் ஈட்டாத அந்த முன்னேற்றம் அணியைத் தன்னிலும் பன்மடங்கு வலிய எதிராளிகளிடம் கொண்டு நிறுத்தியது: தென் கொரியா, லெபனான், துர்க்மெனிஸ்தான் ஆகியவற்றுடன் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோல்வி; அடித்த கோல்கள் 2, வாங்கிய கோல்கள் 23. நிசாம் பக்கீர் அலி 2019இலும், அமிர் அலாஜிச் 2021இலும், ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த அன்டி மொரிசன் 2022 ஜூனிலும் பயிற்றுவிப்பாளராக நின்றனர். ஒரு பயிற்றுவிப்பாளர் அணியை அறிந்துகொள்ளும் முன்பே அடுத்தவர் வந்து நிற்கும் இந்த மாற்றங்களால், தோல்வியின் வேர் எங்கே என்று தேடும் வேலை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டது.

1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ்த் தேசிய அணிக்கு விளையாட்டு அமைச்சரின் அங்கீகாரம் தேவைப்படுகிறது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தெரிவாளர் ஒருவர், அங்கீகரிப்பவர் இன்னொருவர், பயிற்றுவிப்பவர் மூன்றாமவர், நிதியைக் கையாளும் சம்மேளனம் நான்காவது. பழி மட்டும் மூன்றாமவருக்கு. சம்மேளனத் தேர்தலைச் சூழ்ந்த சச்சரவும் வெளித் தலையீடும் முற்றியபோது, உலக உதைபந்தாட்டத்தை ஆளும் ஃபீபா 2023 ஜனவரி 21இல் இலங்கையைத் தடை செய்தது. அத்தடை ஆகஸ்ட் இறுதி வரை நீடித்ததனால், அவ்வாண்டு பெங்களூரில் நடந்த தெற்காசியச் சாம்பியன் கிண்ணப் போட்டியில் இலங்கை அணி ஆடவே இல்லை. ஓர் ஆட்டத்தையும் ஆடாமல் ஒரு பருவத்தை இழப்பதைவிடப் பெரிய தோல்வி வேறில்லை. அதற்கு எந்தக் கோல் காப்பாளரும் காரணமல்ல.

வெற்றியின் புகழும் தோல்வியின் பழியும் ஒரே தலையில் மாறி மாறி ஏறுவதைத் தமிழ்நாட்டின் அண்மைய அனுபவமும் காட்டுகிறது. 2018 மார்ச்சில் ஜோன் கிரெகரியின் பயிற்சியில் இந்தியன் சூப்பர் லீக்கை வென்ற சென்னையின் எஃப்சி, அடுத்த பருவத்தில் அதே பயிற்றுவிப்பாளருடன் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் எடுத்துப் பத்தாவதாக, அதாவது கடைசியாக நின்றது. அவர் 2019 நவம்பரில் விலகினார். அவர் இடத்துக்கு வந்த ஓவன் கோயில் அதே பருவத்தில் அணியை இறுதியாட்டத்துக்கு இட்டுச் சென்றார். இரண்டு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த இந்த ஏற்ற இறக்கத்தில் ஒருவரின் திறமைக்கு எவ்வளவு, வீரர்களின் உடல்நிலைக்கு எவ்வளவு, எதிரணிகளின் முன்னேற்றத்துக்கு எவ்வளவு என்று பிரித்துத் தர எந்தப் புள்ளிப் பட்டியலாலும் இயலாது.

கல்முனைக் கரையில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமாகப் பார்க்கப்பட வேண்டும். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரக் குடியிருப்புகள் அழிந்தன. அதன் பின்வந்த பருவங்களின் முடிவுகளை எவர் தலையிலும் கட்ட முடியாது. ஆனால் எல்லாக் குறையும் இயற்கையால் வந்ததன்று. 2021இல் நாட்டின் முதல் நிலைப் போட்டியாகத் தொடங்கப்பட்ட சூப்பர் லீக்கில் இடம்பெற்ற பத்து அணிகள், கொழும்பிலிருந்தும் முப்படைகளிலிருந்தும் களுத்துறை, பேருவளை, வென்னப்புவ, நாவலப்பிட்டி ஆகிய இடங்களிலிருந்தும் வந்தவை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஓர் அணியும் இருக்கவில்லை. திறமையுள்ள கரையோர இளைஞன் மேல்நிலையில் ஆட வேண்டுமானால் ஊரை விட்டுக் கொழும்புக் கழகத்திலோ படையணியிலோ சேர வேண்டியிருந்தது. அவன் போன பின்பு ஊர் அணி தோற்றால், மிஞ்சிய வீரர்களையும் உள்ளூர்ப் பயிற்றுவிப்பாளரையும் ஏசுவது நியாயமாகாது.

இத்தனைக்கும் சம்மேளனத்தின் பதவியினரைத் தெரிவு செய்வோர் மாவட்டங்களிலும் பிரதேசங்களிலும் இயங்கும் லீக்குகளின் பிரதிநிதிகளே. லீக் என்பது ஒரு பகுதியின் கழகங்கள் பதிவு பெற்றுக் கூடும் அமைப்பு. மைதானத்துக்குப் புல்லும் விளக்கும் வேண்டும், பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கும் தொடர்ச்சியான லீக் ஆட்டம் வேண்டும் என்ற கோரிக்கைகள் அந்த வாக்குக்கு முன்பாக எழுத்தில் வைக்கப்பட்டனவா, வாக்குப் பெற்றவர்களிடம் பருவ முடிவில் அவை திருப்பிக் கேட்கப்பட்டனவா என்பதே ஒவ்வொரு கழகத்தின் பொதுக்கூட்டத்திலும் முதலில் எழ வேண்டிய விடயம். தடை நீங்கிய பின்னர், 2023 ஒக்டோபர் 12இல் ஏமனிடம் 0–3 எனத் தோற்று, 17ஆம் திகதி கொழும்பில் 1–1 எனச் சமன் செய்து தேசிய அணி அடுத்த உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறியபோதும், வீரர்களின் பெயர்கள்தாம் முதலில் பேசப்பட்டன.