கப்பலில் வருவோருக்கு எதைக் காட்டப் போகிறோம்?

2023 ஜூனில் சென்னையிலிருந்து முதல் சொகுசுக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. இறங்குவோருக்குக் கந்தரோடையையும் நிலாவரைக் கிணற்றையும் ஒரே நாளில் காட்டலாம். மெக்சிகோவில் மாயன் இடிபாடுகளோடு பகலார் நன்னீர் ஏரியைக் காட்டுகிறார்களே, அதுபோல. இரண்டு ஊரும் சுண்ணாம்புக்கல் நிலம்தான். நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர்.

கந்தரோடையின் சிறிய முருகைக்கல் தூபிகளை 1917இல் போல் பீரிஸ் தோண்டினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது பெருங்கற்காலக் கறுப்பு-சிவப்பு மட்கலங்களும் கிடைத்தன. இத்தனைக்குப் பிறகும் சிங்களவருடையதா, தமிழ்ப் பௌத்தருடையதா என்ற சண்டையைத்தான் இன்னமும் தோண்டுகிறோம். வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் இரண்டு வாதங்களையும் சொல்கிறோம்.

ஒன்று கேட்கிறோம். 1990 ஒக்டோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் நாங்கள் விட்டுப்போன சோனகத் தெருவிலும் அந்த பஸ் கொஞ்சம் நிற்கட்டும்.