வெளிக்குழாய் ஒழுகுகிறதா? சுவர் பைப் உடையாமல் மாற்றும் முறை

திருக்கழுக்குன்றம் தொடங்கி சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் வரை உப்புக் காற்று வீசும் பகுதி. போர் தண்ணீரிலும் உப்பு இருந்தால் வீட்டு வெளிக்குழாய்கள் சீக்கிரம் கெடும். சொட்டும் தண்ணீரை 10 நிமிடம் டம்ளரில் பிடித்துப் பாருங்கள். 100 மில்லி சேர்ந்தால், ஒரு நாளைக்கு 14 லிட்டருக்கு மேல் வீணாகிறது.

எங்கே ஒழுகுகிறது?

குழாய் வாயில் மட்டும் சொட்டினால் வாஷர் தேய்ந்திருக்கும். அதை மாற்றினால் போதும். சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால் கழற்றி, டெஃப்லான் டேப் சுற்றி மாட்டுங்கள். உடல் வெடித்திருந்தாலோ மரை தேய்ந்திருந்தாலோ புதிய குழாய் தேவை.

எதை வாங்கலாம்?

வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கும், இரும்பு துருப்பிடிக்கும். பித்தளைக் குழாயே நல்லது. பெரும்பாலான வீடுகளில் அரை அங்குல அளவுதான் இருக்கும். பழைய குழாயைக் கடைக்குக் கொண்டுபோனால் அளவு தவறாது.

மாற்றும் முறை

1. டேங்க் வால்வை மூடி, குழாயைத் திறந்து பைப்பில் உள்ள தண்ணீரை வடியுங்கள்.

2. ஒரு ரென்ச்சால் சுவர்ப் பக்க எல்போவை அசையாமல் பிடித்து, இன்னொன்றால் குழாயை இடப்புறம் திருகுங்கள். எல்போவைப் பிடிக்காமல் திருகினால் சுவருக்குள் பிவிசி பைப் உடையலாம். பிறகு சுவரைத்தான் இடிக்க வேண்டும்.

3. எல்போ மரையில் உள்ள பழைய டேப்பையும் உப்புப் படிவையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள்.

4. புதிய குழாயின் மரை உங்களைப் பார்த்திருக்கட்டும். கடிகார முள் சுற்றும் திசையில் டெஃப்லான் டேப்பை 6 முதல் 8 சுற்று இழுத்துச் சுற்றுங்கள்.

5. கையால் இறுக்கிய பின், ரென்ச்சால் அரை முதல் ஒரு சுற்று போதும். வாய் நேராக வராவிட்டால் பின்னோக்கித் திருப்பாதீர்கள். டேப் விலகிக் கசியும். கழற்றி, புதிதாகச் சுற்றி மாட்டுங்கள்.

6. வால்வை மெதுவாகத் திறந்து, இணைப்பை உலர்ந்த துணியால் துடைத்து, 10 நிமிடம் கழித்து ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள்.

முக்கிய எச்சரிக்கை

இந்தக் குழாயில் ஹோஸ் மாட்டி மருந்து டிரம்மை நிரப்புபவர்கள், ஹோஸ் முனையைக் கலவைக்குள் மூழ்க விடாதீர்கள். தண்ணீர் அழுத்தம் குறைந்தால் மருந்து பின்னோக்கி இழுக்கப்பட்டு, குடிக்கும் தண்ணீர் பைப்பில் கலந்துவிடலாம். முனை எப்போதும் டிரம்மின் விளிம்புக்கு மேலே இருக்கட்டும்.