மட்டக்குதிரையில் வந்த பாட்டி

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையில் ஈவ்லின் பிராண்ட் ஊழியம் செய்தது, அவர் சார்ந்த கிறிஸ்தவ மிஷன் அவரை மலைக்கு அனுப்ப மறுத்த பிறகுதான்.

1879இல் பிறந்த ஆங்கிலேயப் பெண். கணவர் ஜெஸ்ஸியுடன் கொல்லிமலையில் குடியேறியபோது மக்கள் மருந்தை வாங்கிக்கொண்டார்கள், மதத்தை ஏற்கவில்லை. பூசாரி கடுமையாக எதிர்த்தார். ஆண்டுகள் பல ஓடின. முதல் உலகப்போருக்குப் பின் பரவிய விஷக்காய்ச்சலில் அதே பூசாரி படுத்தபோது, பிராண்ட் தம்பதிதான் பக்கத்தில் இருந்தார்கள். சாகுமுன் தம் குழந்தைகளை அவர்களிடமே ஒப்படைத்தார்.

1929இல் ஜெஸ்ஸி மலேரியா முற்றி இறந்தார். மிஷன் ஈவ்லினைச் சமவெளியிலேயே நிறுத்திவைத்தது.

ஓய்வு கிடைத்ததும், எழுபதை நெருங்கும் வயதில், சொந்தப் பொறுப்பில் மலையேறினார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் எனச் சுற்றினார். மூங்கில் கோல்களை ஊன்றி நடப்பார், முடியாதபோது மட்டக்குதிரை. எலும்பு முறிந்தும் ஓயவில்லை. வேலூரில் தொழுநோய் அறுவை மருத்துவத்தில் பெயர்பெற்ற மகன் பால் பிராண்ட் கீழே வரச் சொல்லிக் கெஞ்சியும் பயனில்லை. 1974இல், 95 வயதில் இறக்கும்வரை ஊழியத்தை விடவில்லை.