சிறுவன் கையில் இருந்த காசு: திருவனந்தபுரத்து ஆய்வுகள் மாற்றிய கேள்வி

2005ஆம் ஆண்டில் 'பிரிவென்டிவ் மெடிசின்' ஆய்விதழில், திருவனந்தபுரம் அச்சுத மேனன் சுகாதார அறிவியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களின் கட்டுரையொன்று வெளிவந்தது. கேரளத்து வளரிளம் சிறுவர்கள் புகையிலையை நாடுவதை முன்னுணர்த்தும் காரணிகள் எவை என்பது அதன் கேள்வி. விடையைத் தலைப்பே கூறியது: செலவுக்குக் கிடைக்கும் கைக்காசு, படிப்பில் பின்தங்கிய நிலை. இரண்டுமே சிறுவனின் ஒழுக்கத்தைக் குறிப்பவை அல்ல. முன்னது வீட்டையும் கடையையும் சுட்டுகிறது. பின்னது பள்ளியைச் சுட்டுகிறது.

இந்தக் கேள்வி எளிதில் பிறந்ததன்று. கேரளத்தின் மதுவிலக்கு மரபு நெடுங்காலமாக அறவுரையையும் தடையையும் சார்ந்தே இயங்கியது. 1996 ஏப்ரல் 1 அன்று மாநிலத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1999 ஜூலை 12 அன்று கேரள உயர்நீதிமன்றம் பொது இடங்களில் புகைபிடித்தலைச் சட்டவிரோதமென அறிவித்தது. 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும், கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கஜத் தொலைவுக்குள் விற்பதையும் விலக்கியது. இவை விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் எல்லை வகுத்தன. ஒரு சிறுவன் முதல் பீடியை ஏன் பற்றவைக்கிறான் என்பதை ஆராய்வது அவற்றின் பணியன்று.

அக்கேள்வியின் அவசரத்தை உணர்த்தியது மருத்துவம். 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிப் பகுதிகளில் வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வு தொடங்கியது. 35 வயதைக் கடந்த ஏறத்தாழ 1,90,000 பேர் அதில் இடம்பெற்றனர். புகையிலையோ மதுவோ பயன்படுத்தியவர்களிடையே, வாயைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் எளிய முறை இறப்பை மூன்றில் ஒரு பங்களவு குறைத்தது என 2005இல் முடிவுகள் வெளியாயின. நடுவயதில் புண்ணாகத் தெரியும் நோயின் வேர், பெரும்பாலும் பல்லாண்டுப் பழக்கத்தில் இருக்கிறது. அப்பழக்கம் தொடங்கும் காலமோ பெரும்பாலும் பள்ளிப் பருவம்.

2002இல் தொடங்கிய 'குவிட் டொபாக்கோ இன்டர்நேஷனல்' திட்டத்தில் கே. ஆர். தங்கப்பன் முதலிய பொதுநல மருத்துவ ஆய்வாளர்களும், மார்க் நிக்டர், மிமி நிக்டர் என்னும் மானிடவியலாளர்களும் இணைந்தனர். மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டத்தில் புகையிலை நிறுத்த ஆலோசனை சேர்க்கப்பட்டது. பின்னர் புகையில்லா வீடுகள் என்னும் முயற்சியில், வீட்டுக்குள் புகைப்பதில்லை என்ற உடன்பாட்டை ஊர்ச் சமூகமே ஏற்கச் செய்யும் வழி சோதிக்கப்பட்டது. தனிமனிதனைத் திருத்துவதைவிட அவனைச் சூழ்ந்த வழக்கத்தை மாற்றுவதே இதன் அடிப்படை.

உலக அனுபவமும் இதையே கற்பித்தது. 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தோன்றிய 'டேர்' திட்டத்தில் காவலர்கள் வகுப்பறைக்கு வந்து போதையின் தீமையை எடுத்துரைத்தனர். அது பெரும்புகழ் பெற்றது. ஆயினும் 1994இல் வெளியான தொகுப்பாய்வு, போதைப்பொருள் பயன்பாட்டில் அதன் தாக்கம் மிகச் சிறிதே எனக் காட்டியது. அச்சமூட்டும் உரைக்கு விளம்பரம் எளிது, விளைவு அரிது.

2016இல் கேரள அரசு 'விமுக்தி' இயக்கத்தைத் தொடங்கியது. விழிப்புணர்வோடு சிகிச்சைக்கும் அது இடமளித்தது. இத்தகைய பரப்புரைகளின் மையச் சொல் 'லஹரி'. தமிழின் 'லாகிரி' அதன் உறவுச் சொல். அலை என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்த இச்சொல் பீடியையும் மதுவையும் செயற்கைப் போதைப்பொருளையும் ஒருங்கே குறிக்கிறது. பரப்புரைக்கு இந்த அகலம் வசதி. ஆய்வுக்கு அது போதாது. ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் வயது வேறு, கிடைக்கும் வழி வேறு, மீளும் முறையும் வேறு.

இவ்வரலாற்றில் ஓர் இடைவெளியும் உண்டு. வளரிளம் பருவத்தினர் குறித்த கணக்கெடுப்புகள் பெரும்பாலும் வகுப்பறையில் வினாத்தாள் வழங்கி நடத்தப்படுபவை. எறணாகுளம் மாவட்டப் பள்ளி மாணவரிடையே நடந்து 2016இல் வெளியான ஆய்வு மதுப் பழக்கத்துக்கும் மனவுளைச்சலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. ஆனால் அன்று பள்ளிக்கு வராதவன் அக்கணக்கில் இல்லை. படிப்பில் பின்தங்கியவனே புகையிலையை நோக்கி மிகுதியாகச் செல்கிறான் என 2005ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. பள்ளியை விட்டு முதலில் விலகக் கூடியவனும் அவனே. ஆகவே இடர் மிகுந்தவனே எண்ணிக்கையிலிருந்து நழுவுகிறான்; எண்ணிக்கையை நம்பி வகுக்கப்படும் திட்டத்திலிருந்தும் நழுவுகிறான்.

கையில் காசு எப்படி வந்தது என்று கேட்கத் துணிந்த ஆய்வு மரபு, காலியாக இருக்கும் அந்த இருக்கை யாருடையது என்பதையும் கேட்டாக வேண்டும்.